விட்ட இடம் எது?

பதிப்பகங்களுக்கும் அச்சகங்களுக்கும் கணினி, நெட்வொர்க் வேலைகளைச் செய்துகொடுப்பது என் தொழில். ஒரு புத்தகம் அச்சேறுவதற்குள் எத்தனை கைகளுக்குப் போய்வருகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன். சென்னை அலுவலகத்தில் பக்கம் கட்டுகிறார்கள். மதுரையில் வீட்டிலிருந்தபடி ஒரு பெரியவர் புரூஃப் பார்க்கிறார். அட்டை வடிவமைப்பவர் வேறு ஊர். அச்சு சிவகாசியில். இத்தனை பேர் கணினியிலும் ஒரே ஃபோல்டர் இருக்க வேண்டும். ஒருவர் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் மற்றவர்களிடம் அது மாறியிருக்க வேண்டும். ‘ஃபோல்டர் சிங்க் ஆகணும்’ என்று எல்லோரும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிற இந்தக் காரியத்துக்குள் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது என்பதை எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

புரூஃப் பார்க்கும் அந்தப் பெரியவர் ஒருநாள் போனில் கூப்பிட்டார்.

“ஏம்மா, மூணாம் அத்தியாயத்தை மாத்திட்டோம்னு சென்னையில சொல்றாங்க. எங்கிட்ட பழசுதானே இருக்கு?”

“ஐயா, அவங்க மாத்துன நேரத்துல நீங்க லேப்டாப்பை மூடி வெச்சிருந்தீங்களா?”

“சாப்பிடப் போகும்போது மூடாம, தொறந்து போட்டுட்டா போவாங்க?”

“இப்ப மூலையில பச்சை டிக் தெரியுதா?”

“தெரியுதே. எல்லாம் சரியா இருக்குன்னுதான் காட்டுது.”

எனக்கு ஆற்றாமையாக இருந்தது அந்தப் பச்சை டிக்கைப் பற்றித்தான். ஃபைல் வரத் தாமதமாகலாம்; அது பெரிய குற்றமில்லை. வராத ஃபைலை வந்துவிட்டதாகக் காட்டுவது வேறு. அவர் பழைய அத்தியாயத்தில் ஒரு பகல் முழுக்கத் திருத்தம் போட்டிருந்தார். எழுபதைத் தாண்டியவரின் கண் உழைப்பு அது. அந்த மென்பொருள் எப்படி வேலை செய்தது என்று பிரித்துப் பார்த்தோம். சென்னையில் ஃபைல் மாறிய நொடியில் சர்வர் எல்லா லேப்டாப்புக்கும் ‘இந்த ஃபைல் மாறிவிட்டது’ என்று ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்புகிறது. வாங்கிக்கொண்டவர்கள் புதியதை இறக்கிக்கொள்கிறார்கள். மூடியிருந்த லேப்டாப்பில் வாங்க ஆளில்லை. அது மறுபடி விழித்து இணைந்தபோது புதிதாக எந்தச் சேதியும் இல்லை. சேதி இல்லையென்றால் மாற்றமும் இல்லை என்று முடிவுகட்டி, பச்சை டிக் போட்டுவிட்டது.

அதற்குப் பிறகுதான் என்னோடு வேலை பார்க்கும் புரோகிராமரும் நானும் எங்கள் வாடிக்கையாளர்களுக்காகச் சிறியதாக ஒரு சிங்க் ஏற்பாட்டை நாங்களே எழுதத் தொடங்கினோம். எழுதத் தொடங்கியது என்றால் முதலில் புரோட்டோகாலை. இரண்டு கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வகுத்துவைக்கிற முறைதான் புரோட்டோகால்: யார் முதலில் பேசுவது, என்ன கேட்பது, பதில் வராவிட்டால் என்ன செய்வது, பாதியில் இணைப்பு அறுந்தால் எங்கிருந்து தொடர்வது. இந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வைக்கிறோம் என்பதில்தான் மொத்தமும் அடங்கியிருக்கிறது என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

ஃபோல்டரை ஒத்துப்பார்க்கும் கருவிகளின் மூத்த பிள்ளைகளில் ஒன்று ஆர்சிங்க். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர் 1996-இல் எழுதி வெளியிட்டது. வாங்குகிற கணினி தன்னிடமுள்ள பழைய ஃபைலைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு அனுப்பும். அனுப்புகிற கணினி தன்னிடமுள்ள புதிய ஃபைலின் மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து அந்த எண்களோடு பொருந்தும் இடங்களைத் தேடும். பொருந்தாத பகுதி மட்டுமே கம்பி வழியே போகும். முந்நூறு பக்கப் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு வரி சேர்ந்து, பின்னால் உள்ளதெல்லாம் தள்ளிப்போனாலும், அந்த ஒரு வரிக்குரிய அளவுதான் பயணம் செய்யும். இன்றும் நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆர்சிங்க் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது. இரு பக்கமும் உள்ள எல்லா ஃபைல்களின் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். ராத்திரி ஒருமுறை பேக்கப் எடுக்க இது அருமையான முறை. நாள் முழுக்க நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் லேப்டாப்பின் பேட்டரியும் வட்டும் தாங்காது.

அதனால்தான் நோட்டிஃபிகேஷன் வேண்டியிருக்கிறது. மாறும்போது சொல்லிவிட்டால் சும்மா சும்மா தேட வேண்டியதில்லை. கணினிக்குள்ளேயே இதற்கு வழி உண்டு. லினக்ஸில் 2005-இல் வந்த 2.6.13 பதிப்பு முதல் ஐநோட்டிஃபை என்ற வசதி இருக்கிறது. ஒரு ஃபோல்டரைக் கவனிக்கச் சொன்னால், அதற்குள் எது உருவானாலும் அழிந்தாலும் திருத்தப்பட்டாலும் உடனே சொல்லும். ஆனால் அந்த ஃபோல்டரை மட்டும்தான் கவனிக்கும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே சொல்ல வேண்டும். இதில் ஒரு சந்து இருக்கிறது. யாரோ ‘அத்தியாயம் 12’ என்று புதிய ஃபோல்டர் உருவாக்கி, அதே கணத்தில் உள்ளே பத்துப் படங்களைப் போடுகிறார். ஃபோல்டர் உருவான சேதி நமக்கு வந்து, அதையும் கவனிக்கச் சொல்வதற்குள் படங்கள் உள்ளே போய்விட்டன. அவற்றைப் பற்றி எந்தச் சேதியும் வராது. ஆகவே புதிய ஃபோல்டரைக் கவனிக்கச் சொன்னவுடனே உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை நாமே எட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சேதிகள் வரிசையில் காத்திருக்க இடம் குறைவு. லினக்ஸில் வழக்கமாக 16,384 சேதிகள்வரை நிற்கலாம். அதைத் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, ‘வழிந்துவிட்டது’ என்று ஒரே ஒரு சேதியைக் கொடுக்கும். மேக் கணினிகளில் 2007 முதல் இருக்கும் எஃப்.எஸ். ஈவென்ட்ஸ் வசதியிலும் ‘உள்ளே உள்ளதையெல்லாம் நீயே மறுபடி பார்த்துக்கொள்’ என்று சொல்ல ஓர் அடையாளக் குறி இருக்கிறது. விண்டோஸில் இடம் போதாமல் போனால் விவரமே இல்லாத வெறும் பதில் வரும். அதற்கும் பொருள் அதேதான். மூன்று வேறு வேறு அமைப்புகள், மூன்று வேறு வேறு கூட்டத்தார் எழுதியவை. மூன்றிலும் ‘நான் சிலவற்றைத் தவறவிட்டுவிட்டேன்’ என்று ஒப்புக்கொள்ள ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது அவற்றை எழுதியவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஒரே கணினிக்குள்ளேயே சேதி தவறும் என்றால், சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே தவறாதா?

ஆகவே எங்கள் புரோட்டோகாலின் முதல் விதியை இப்படி வைத்தோம்: நோட்டிஃபிகேஷன் எதையும் சுமந்து வராது. ‘ஏதோ மாறியிருக்கிறது, வந்து கேள்’ என்பதோடு அதன் வேலை முடிந்தது. என்ன மாறியது என்பதை லேப்டாப்தான் சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கும் முறையும் ஒன்றே ஒன்றுதான்.

அதற்குச் சர்வரில் ஒரு பதிவேடு. மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி, எந்த மாற்றம் நடந்தாலும் கடைசியில் ஒரு வரி சேரும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண். 4107: இந்த ஃபைல் திருத்தப்பட்டது. 4108: அந்த ஃபைல் அழிக்கப்பட்டது. ஒவ்வொரு லேப்டாப்பும் தான் கடைசியாக எந்த எண்வரை வாங்கியது என்பதை நினைவில் வைத்திருக்கும். இந்த எண்ணுக்குத் தொழிலில் கர்சர் என்று பெயர். இணைந்தவுடன் லேப்டாப் கேட்பது ஒரே கேள்வி: “என்னிடம் 4107வரை இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன?” ஒரு நிமிடம் மூடிவைத்திருந்தாலும் சரி, பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. மூடியிருந்தபோது எத்தனை நோட்டிஃபிகேஷன் தவறியது என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

நோட்டிஃபிகேஷனையும் இதே எண்ணோடு கட்டிப்போட வேண்டும் என்பது கொஞ்சம் தாமதமாகவே பலருக்குப் புரிகிறது. பொதுவாக எல்லோரும் எழுதுவது இப்படி: முதலில் முழுப் பட்டியலை வாங்கிக்கொள், பிறகு ‘இனிமேல் மாறினால் சொல்’ என்று பதிவுசெய்துகொள். பட்டியலை வாங்கி முடிப்பதற்கும் பதிவுசெய்வதற்கும் நடுவில் அரை நொடி இருக்கிறதே, அதில் ஒரு ஃபைல் மாறினால்? பட்டியலிலும் இருக்காது, சேதியும் வராது. அடுத்த மாற்றம் வரும்வரை, அது நாளைக்கோ அடுத்த வாரமோ, அந்த ஃபைல் பழசாகவே கிடக்கும். ‘இனிமேல்’ என்ற சொல்லே புரோட்டோகாலில் ஆபத்தானது. யாருடைய இனிமேல் என்று தெரியாது. ‘4107-க்குப் பிறகு ஏதாவது இருந்தால் சொல்’ என்று பதிவுசெய்தால் சந்து அடைபட்டுவிடும். ஏற்கெனவே 4108 வந்துவிட்டது என்றால் சர்வர் காத்திருக்காமல் அப்போதே பதில் சொல்லும். இல்லையென்றால் வரும்வரை இணைப்பைப் பிடித்துவைத்திருக்கும்.

இதை நாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. டிராப்பாக்ஸ் தன் சேவையைப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்குக் கொடுத்திருக்கும் வழியும் இதுதான். ஃபோல்டரைப் பட்டியலிடச் சொன்னால் முடிவில் ஒரு கர்சர் வரும். அந்தக் கர்சரைக் காட்டி லாங் போல் என்ற கோரிக்கையில் காத்திருக்கலாம். மாற்றம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பதில் வரும், எது என்று வராது. காத்திருக்கும் நேரத்தோடு 90 நொடிகள்வரை தாறுமாறாக ஒரு கூடுதல் நேரத்தையும் அவர்களே சேர்க்கிறார்கள். காத்திருக்கும் லட்சக்கணக்கான கணினிகளும் ஒரே நேரத்தில் எழுந்து சர்வர்மேல் பாயக் கூடாது அல்லவா? நிறுவனங்களில் ஊழியர் பெயர், முகவரி, கடவுச்சொல் எல்லாம் வைத்திருக்கும் எல்டாப் என்ற முறையில் அணுகும் விவரப் பட்டியல்களை ஒத்திசைக்க 2006-இல் வந்த ஆர்.எஃப்.சி. 4533 என்ற தரநிலையும் இதையே செய்கிறது: விட்ட இடத்தைக் குறிக்கும் ஒரு குக்கியைக் காட்டி, விடுபட்டதை வாங்கிக்கொண்டு, அதே கோரிக்கையில் புதிய மாற்றங்களுக்காகக் காத்திருக்கலாம். இணையக் காலண்டர், தொடர்பு எண்கள் போன்றவற்றுக்கு 2012-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6578-இல் அதற்கு சிங்க் டோக்கன் என்று பெயர். வேறு வேறு காலத்தில் வேறு வேறு தேவைக்கு உட்கார்ந்து யோசித்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

கர்சர் இருந்தாலும் பச்சை டிக் இன்னொரு வழியில் ஏமாற்றலாம். லேப்டாப் இணைப்பில் இருப்பதாக நினைக்கிறது, சர்வரும் அப்படியே நினைக்கிறது. நடுவில் இருக்கும் ரவுட்டர் வெகுநேரம் பேச்சில்லை என்று இணைப்பை எப்போதோ மறந்துவிட்டது. இரு முனையும் அமைதியாகக் காத்திருக்கின்றன. இதற்காக எல்லா நல்ல புரோட்டோகாலிலும் இதயத் துடிப்பு மாதிரி சும்மா ஒரு ‘இருக்கிறேன்’ சேதி உண்டு. சிங்திங் என்ற திறந்த மூல மென்பொருள் 90 நொடிகள் எதுவும் பேசாமலிருந்தால் ஒரு பிங் அனுப்பும். நாங்கள் அந்த ‘இருக்கிறேன்’ என்பதோடு சர்வரின் கடைசி வரிசை எண்ணையும் சேர்த்தோம்: ‘இருக்கிறேன், 4112.’ என்னிடம் 4107தான் இருக்கிறதே என்று லேப்டாப்புக்குத் தெரிந்துவிடும். நடுவில் எல்லா நோட்டிஃபிகேஷனும் தொலைந்திருந்தாலும் அடுத்த துடிப்பில் விஷயம் வெளிப்பட்டுவிடும். பச்சை டிக் காட்ட இரு எண்ணும் பொருந்த வேண்டும், கடைசித் துடிப்பு வந்து அதிக நேரம் ஆகியிருக்கக் கூடாது. இல்லாவிட்டால் டிக் கிடையாது. ‘கடைசியாகச் சரிபார்த்தது 11.40’ என்று நேரம் மட்டும் தெரியும். மதுரைப் பெரியவருக்கு டிக்கைவிட இந்த நேரம்தான் பிடித்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார்.

மின்வெட்டுக்கும் ஒரு கணக்கு வைத்தாக வேண்டும். 4108-ஆம் மாற்றத்தை வாங்கியாயிற்று. முதலில் கர்சரை 4108 என்று எழுதிவிட்டுப் பிறகு ஃபைலை வட்டில் எழுதினால், நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான்: மறுபடி கேட்கும்போது ‘4108 என்னிடம் இருக்கிறது’ என்று பொய் சொல்லும், அந்த ஃபைல் என்றைக்கும் வராது. முதலில் ஃபைலை எழுதி, பெயர் மாற்றி உரிய இடத்தில் வைத்து, வட்டில் பதிந்ததை உறுதிசெய்துகொண்டு, கடைசியில்தான் கர்சரை நகர்த்த வேண்டும். அப்போது கரண்ட் போனால் ஒரே ஃபைலை இரண்டாம் முறை வாங்குவோம். ஏற்கெனவே உள்ளடக்கம் ஒன்றுதான் என்று பார்த்துவிட்டுத் தாண்டிப் போகலாம். இரண்டு முறை வருவதால் எதுவும் கெடாதபடி ஒவ்வொரு செயலையும் அமைப்பது அலுப்பூட்டும் வேலை. சிவகாசி அச்சகத்துக் கணினியில் யு.பி.எஸ். பேட்டரி உயிரைவிட்ட அன்றைக்கு அந்த அலுப்பின் அருமை தெரிந்தது.

எல்லாவற்றையும்விட எங்களை அலைக்கழித்தது அழித்தல். ஒரு ஃபைல் இங்கே இருக்கிறது, அங்கே இல்லை. இங்கே புதிதாக வந்ததா, அங்கே அழிக்கப்பட்டதா? ஃபோல்டரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. தப்பாக ஊகித்தால் ஒன்று, தூக்கியெறிந்த பழைய அட்டை மறுபடி வந்து நிற்கும். இல்லையென்றால் புதிதாக எழுதிய கட்டுரை காணாமல் போகும். ஆகவே ஃபைல் போனாலும், ‘இன்ன பெயரில் ஒன்று இருந்தது, இன்ன எண்ணில் அழிக்கப்பட்டது’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். தொழிலில் இதை டூம்ஸ்டோன், அதாவது நடுகல் என்கிறார்கள். எத்தனை காலம் வைத்திருப்பது? மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் தொடக்கத்தில் 60 நாள் என்று இருந்தது. விண்டோஸ் சர்வர் 2003-இன் முதல் சர்வீஸ் பேக் முதல், புதிதாக அமைப்பவற்றில் 180 நாள் ஆக்கினார்கள். அதைவிட நீண்ட காலம் அணைந்துகிடந்த சர்வர் ஒன்று திரும்பி வந்தால், நடுகல்கள் அழிந்திருக்கும். எப்போதோ நீக்கிய பழைய கணக்குகள் அதன் வழியாக மறுபடி தலைகாட்டும். இதற்கு மருந்து ஒன்றுதான். கர்சர் ரொம்பப் பழசாக இருந்தால் சர்வர் தயங்காமல் ‘அங்கிருந்து என்னால் தொடர முடியாது, முழுப் பட்டியலை வாங்கிக்கொள்’ என்று சொல்லிவிட வேண்டும். டிராப்பாக்ஸிலும் எல்டாப் தரநிலையிலும் இந்த மறுப்புக்கென்றே பதில் குறியீடு இருக்கிறது.

திருத்தம் என்று நாம் ஒன்றாக நினைப்பது கணினிக்கு ஒன்றாக இருப்பதில்லை. வேர்டில் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் அது பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. தற்காலிகப் பெயரில் புதிய ஃபைல் ஒன்றை எழுதி, பழையதை அகற்றி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. வேலை நடுவில் கெட்டுப்போனால் பழையது பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் வெளியே நின்று கவனிக்கிற மென்பொருளுக்கு என்ன தெரியும்? ஒன்று பிறந்தது, ஒன்று மறைந்தது, ஒன்றின் பெயர் மாறியது. அவசரக்குடுக்கையாக ஒவ்வொன்றையும் அனுப்பினால், மதுரையில் ஃபைல் கண்ணெதிரே மறைந்து மறுபடி தோன்றும். அதனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சிங்திங் வழக்கமாகப் பத்து நொடி பொறுத்துச் சேதிகளைச் சேர்த்துப் பார்க்கிறது. அழித்தல் என்றால் ஒரு நிமிடம்வரை பொறுக்கிறது. இத்தனை கவனித்தும் மணிக்கு ஒருமுறை முழு ஃபோல்டரையும் தானே ஒரு நடை சுற்றிப் பார்த்துவிடுகிறது. நோட்டிஃபிகேஷன் இருக்கும்போது இது எதற்கு என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். அதை நிறுத்திவைக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பெயர் மாற்றமும் இந்த வகைதான். ‘இறுதி’ என்ற ஃபோல்டரை ‘இறுதி – புதியது’ என்று ஒருவர் மாற்றுகிறார். ஃபைலைப் பாதையை வைத்தே அடையாளம் காணும் புரோட்டோகாலுக்கு, உள்ளே இருக்கும் ஆயிரம் படங்களும் அழிந்து ஆயிரம் புதிய படங்கள் வந்ததாகத் தெரியும். டிராப்பாக்ஸ் தன் சிங்க் இயந்திரத்தையே முழுக்கத் திருப்பி எழுதி, 2020-இல் அதைப் பற்றி விளக்கியபோது முக்கியமாகச் சொன்ன மாற்றங்களில் இது ஒன்று: ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் பெயரோடு சம்பந்தமில்லாத ஓர் அடையாள எண். பெயர் மாறினாலும் இடம் மாறினாலும் அடையாளம் மாறாது. ஆயிரம் படங்களுக்கு ஒரே ஒரு வரி போதும்.

இருவர் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலைத் திருத்தினால்? நேரத்தைப் பார்த்துப் பிந்தியதை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கணினிக் கடிகாரங்களை நம்பி ஒருவரின் உழைப்பை அழிக்க எனக்கு மனம் வராது. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லோகஸ் என்ற அமைப்பை உருவாக்கியவர்கள் வெர்ஷன் வெக்டர் என்ற முறையைச் சொன்னார்கள். கடிகாரமே வேண்டாம், யார் எத்தனையாவது முறை திருத்தினார்கள் என்ற எண்ணிக்கை போதும். சென்னை 6, மதுரை 3 என்று ஒன்று. சென்னை 5, மதுரை 4 என்று மற்றொன்று. இரண்டில் எதுவும் மற்றதை உள்ளடக்கவில்லை. ஒருவர் திருத்தியதை மற்றவர் பார்க்காமலே திருத்தியிருக்கிறார். அப்போது இரண்டையும் வைத்துக்கொண்டு, மோதல் என்று பெயரில் குறித்து, மனிதர்களைத் தீர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஃபோல்டர் அலங்கோலமாகிறது என்று குறைப்படுவார்கள். படட்டும்.

நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்றை நான் எந்த ஆங்கிலக் கையேட்டிலும் விரிவாகப் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ‘கொடி’ என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைக்கிறோம். யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகளாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதை. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் வைக்கும். விண்டோஸும் லினக்ஸும் பொதுவாகக் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைக்கும்; பைட் வேறு என்றால் அவற்றுக்குப் பெயரும் வேறு. விளைவு, அட்டை வடிவமைப்பவரின் மேக்கிலிருந்து போன ‘கொடி’யும் சென்னையில் ஏற்கெனவே இருந்த ‘கொடி’யும் ஒரே ஃபோல்டரில் அக்காள் தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எது எதுவென்று பெற்றவளுக்கும் தெரியாது. மேக் இந்த இரண்டையும் ஒரே பெயராகக் கருதுவதால் அங்கே இரண்டும் சேர்ந்து இருக்கவும் முடியாது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. கம்பியில் போகும் பெயர் எப்போதும் சேர்த்த வடிவத்தில்தான் போக வேண்டும், ஒப்பிடுவதும் அந்த வடிவத்தில்தான் என்று எங்கள் புரோட்டோகாலில் எழுதிவைத்தோம்.

நீளமும் அப்படித்தான். லினக்ஸில் பெயருக்கு எல்லை 255 பைட். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் 3 பைட் ஆகும். ஆக 85 குறியீடுகள். ‘திருத்தம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லுக்கே ஒன்பது குறியீடு, 27 பைட். விண்டோஸில் எல்லை 255 குறியீடுகள் என்பதால், புத்தகத் தலைப்பு, ஆசிரியர் பெயர், ‘மூன்றாம் திருத்தம் பார்த்தது’ என்று சேர்த்து அழகாக நீளப் பெயர் வைத்துவிடுவார்கள். அந்தக் கணினியில் அது சரியான பெயர். லினக்ஸ் சர்வரில் அந்தப் பெயரில் ஃபைலை உருவாக்கவே முடியாது. அப்போது சத்தமில்லாமல் விட்டுவிடுகிற மென்பொருள்கள் இருக்கின்றன. நாங்கள் பெயர் வைத்தவரின் திரையிலேயே சிவப்பில் காட்டுகிறோம், எத்தனை எழுத்து குறைக்க வேண்டும் என்பதோடு.

ஃபோல்டர் சிங்க் மென்பொருள் எதையாவது வாங்கப் போகிறவர்கள் விளம்பரத்தில் வேகத்தைப் பார்க்கிறார்கள். நான் செய்யச் சொல்வது இது. இரண்டு லேப்டாப்பில் அதைப் போட்டு ஒரு ஃபோல்டரை இணையுங்கள். ஒன்றை மூடிவையுங்கள். மற்றதில் ஒரு ஃபைலைத் திருத்துங்கள், ஒன்றை அழியுங்கள், நிறையப் படங்கள் உள்ள ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், ‘கோவில்’ என்று தமிழில் பெயர் வைத்து ஒரு புதிய ஃபைலைப் போடுங்கள். மேக் கையில் இருந்தால் அதிலிருந்தும் அதே பெயரில் ஒன்று. பிறகு மூடியதைத் திறந்து, ஃபைல்கள் நகரத் தொடங்கியதும் பாதியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். மறுபடி போடுங்கள். இரு பக்கத்தையும் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து ஒப்பிடுங்கள். அழித்த ஃபைல் திரும்பி வந்து நின்றாலோ, திருத்தம் வராமலே பச்சை டிக் காட்டினாலோ, அந்த மென்பொருளை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.